தெருவைப் பார்த்துக்கொண்ட கூட்டாளி

1974ஆம் வருடம் ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு, தேரடி வீதியில் டீக்கடை வைத்திருந்த அருணகிரியின் வலது உள்ளங்கையில் ஒரு கோலி சோடா பாட்டில் வெடித்தது. அது தானாக வெடிக்கவில்லை.

கடைப் பலகைமேல் அருணகிரியின் மணிக்கட்டை அழுத்திப் பிடித்திருந்தவன் இருசப்பன். வயது இருபத்தாறு. முழங்கைவரை ஈரத் துண்டைச் சுற்றியிருந்தான். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, விரித்த உள்ளங்கையில் படுக்க வைத்து, அதே கடையில் சர்க்கரை நிறுக்க வைத்திருந்த அரைக் கிலோ எடைக்கல்லை எடுத்து அதன் வயிற்றில் ஒரு போடு போட்டான். டீ குடித்துக்கொண்டிருந்த ஆறு பேரும் தெருவுக்கு ஓடினார்கள். உள்ளே இருந்த கோலிக்குண்டு எதிர்க்கடைப் படிவரை உருண்டு போய் நின்றது. அருணகிரி கையைப் பார்த்தார். கட்டை விரலுக்குக் கீழே சதை வாய் திறந்திருந்தது.

"பதினாறு காலி பாட்டில். மூணு வாரமா கேட்டுக்கினு இருக்கறேன்" என்றான் இருசப்பன். குரலில் கோபம் இல்லை. "நாளைக்கு வந்துடணும்."

மறுநாள் பதினெட்டு வந்தது. அதில் இரண்டு வேறு கம்பெனிப் பாட்டில்கள். இருசப்பன் அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் அருணகிரியின் பலகையில் வைத்துவிட்டு வந்தான். "அடுத்தவன் பாட்டிலு நமக்கு எதுக்கு?"

அந்தப் பாட்டில்கள்தான் அவன் நிலம். வேங்கிக்காலில் அப்பா விட்டுப்போன முக்கால் ஏக்கர் மானாவாரியை 1972இல் விற்று, ஆயிரத்து இருநூறு சோடா பாட்டில் வாங்கினான். மண்ணை விற்றுக் கண்ணாடி வாங்கியவன் என்று ஊரில் சிரித்தார்கள். அவன் கவலைப்படவில்லை. பாட்டில் கழுத்து ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு வளையம் போட்டான். கம்பெனிக்குப் பெயர்ப் பலகை கிடையாது. திருவண்ணாமலை முழுக்க அதற்குச் 'செவப்பு வளையம்' என்றே பேர்.

சோடா போடும் மெஷின் சாந்த் பாஷாவுடையது. இருசப்பனைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஸ்டவ்வும் தண்ணீர் பம்ப்பும் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர், வேலூரில் மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து கையால் சுற்றுகிற மெஷின் ஒன்றைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, பழுது பார்த்து, சின்னக்கடைத் தெருவின் பின்சந்தில் ஓட்டுக் கொட்டகை ஒன்றில் நிறுத்தினார். அவரிடம் பாட்டில் இல்லை. இருசப்பனிடம் மெஷின் இல்லை. இரண்டு பேருக்கும் எழுத்தில் எந்த ஒப்பந்தமும் கிடையாது. லைசென்ஸ் மட்டும் சாந்த் பாஷா பேரில் எடுத்தார்கள். முதல் நாள் அவர் சொன்னது இதுதான்:

"மெஷின் மேல நீ கை வெக்காத இருசப்பா. தெருவுல நான் கால் வெக்க மாட்டேன்."

"சரி பாய்."

அதற்குக் காரணம் இருந்தது. மெஷின் அவனைவிட முரடு. இரும்புக் கூண்டுக்குள் மூன்று பாட்டில்களைக் கவிழ்த்துப் பூட்டி, சிலிண்டரைத் திறந்து, சக்கரத்தைச் சுற்ற வேண்டும். கேஸ் ஒரு பிடி ஜாஸ்தியானாலும், கண்ணாடியில் மயிரிழை விரிசல் இருந்தாலும், பாட்டில் வெடிக்கும். தொடங்கிய வருடமே சக்கரம் சுற்ற வந்த ஆள் ஒருவனுக்குக் காதின் மேல்பாதி போயிற்று. அவன் அந்தச் சந்துக்கே திரும்பவில்லை. அதிலிருந்து சாந்த் பாஷா தானே சுற்றினார். முகத்தில் கம்பி வலை முகமூடி, கைகளில் கோணித் துண்டு, கழுத்தில் ரப்பர் டியூப் பட்டை. வீட்டுக்குப் போகும் முன் தினமும் மனைவி சுல்தானா கொடுத்தனுப்பிய சிறு இடுக்கியால் முழங்கையில் ஏறிய கண்ணாடித் தூளைப் பிடுங்கிப் போடுவார்.

கம்பெனியின் சட்டம் ஒன்றே ஒன்று. எத்தனை காலி வருகிறதோ, அத்தனை நிறை போகும். உள்ளே இருக்கும் சோடாவைவிடப் பாட்டில் பல மடங்கு விலை. கடைக்காரர்களோ பாட்டிலில் எண்ணெய் ஊற்றி வைப்பார்கள், மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பார்கள், கார்த்திகைக் கூட்டத்தில் தொலைந்தது என்பார்கள். காலி குறைந்த கடைக்கு இருசப்பன் முதல் வாரம் போய்ச் சொல்லுவான். இரண்டாம் வாரம் கடையின் மிட்டாய் ஜாடிகளை ஒவ்வொன்றாகத் தரையில் போடுவான். மூன்றாம் வாரம் எடைக்கல்.

எந்தக் கடை என்பதைச் சொல்வது சாந்த் பாஷா. காலையில் கழுவும் தொட்டியருகே பொன்னி எண்ணிச் சொல்லுவாள். வந்தவாசியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். ஜட்கா வண்டி ஓட்டும் ஆதிமூலத்தின் மனைவி. பாட்டில் கழுவுவது அவள் வேலை. அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு சாந்த் பாஷா சக்கரத்துக்கு எண்ணெய் விட்டபடி ஒரு பெயரைச் சொல்லுவார். அவ்வளவுதான். இருசப்பன் சைக்கிளை எடுப்பான். திரும்பி வந்ததும் அவர் கேட்பார்.

"ஆச்சா?"

"ஆச்சி பாய்."

எப்படி ஆயிற்று என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. இருசப்பன் வேட்டியில் ரத்தம் இருந்தால் பொன்னியைப் பார்த்து, "அண்ணனுக்குத் தண்ணி குடும்மா" என்பார். ரம்ஜானுக்கு அவன் வீட்டுக்கு முதல் தூக்கு பிரியாணி போகும். பொங்கலுக்கு அவர் வீட்டுக்கு முதல் கரும்பு.

ஏழு வருடத்தில் நான்கு கைகள். நான்கே நான்கு. மற்ற கடைக்காரர்களுக்கு அந்த நான்கைக் கேள்விப்பட்டதே போதுமானதாக இருந்தது. 1977இல் போட்டிக் கம்பெனி ஆட்கள் மூன்று பேர் செங்கம் ரோட்டில் சைக்கிளை மறித்துச் சங்கிலியால் அடித்தார்கள். இருசப்பனுக்குத் தோள்பட்டை எலும்பு விலகியது. அவர்களில் ஒருவன் அதன்பிறகு முழங்காலை மடக்கவில்லை. பெட்டியிலிருந்த இருபத்துநாலு பாட்டிலில் ஒன்றுகூட உடையவில்லை என்பதைத்தான் இருசப்பன் எல்லோரிடமும் சொன்னான்.

1979இல் தங்கை கஸ்தூரிக்குக் கல்யாணம் செய்து வைத்தான். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவள் ஒருத்திதான் அவனுக்கு. மாப்பிள்ளை வேணு, பஸ் ஸ்டாண்டு பக்கம் போளூர் ரோட்டில் பெட்டிக்கடை. சிரித்த முகம், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன். கடைக்குச் சோடா இருசப்பனே கொண்டுபோய் இறக்கினான். முதல் மாதமே காலி குறைந்தது.

"மாப்ள, எட்டு கம்மி ஆவுது."

"வரும் மச்சான். பஸ்ஸுல குடிக்கறானுங்க, வண்டி கெளம்பிடுது. ஓடிப் போயா புடுங்கறது?"

வேறு யாராவது சொல்லியிருந்தால் அது முதல் வாரக் கணக்கு. கஸ்தூரி அண்ணனுக்கு மோர் கொண்டுவந்து நீட்டினாள். இருசப்பன் குடித்துவிட்டு வந்துவிட்டான்.

அங்கேதான் அவன் அந்தத் தப்பைச் செய்தான். குறைந்த பாட்டில்களுக்கு ஈடாகப் பழைய பாட்டில்காரனிடம் வேறு கம்பெனிப் பாட்டில்களை வாங்கி, வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து, கழுத்தில் சிவப்பு வளையம் பூசி, காலிப் பெட்டிக்குள் கலந்து வைத்தான். முதலில் எட்டு. பிறகு பத்து. இரண்டு வருடத்தில் எத்தனை என்று அவனுக்கே தெரியாது. பொன்னிக்குத் தெரியும். கழுவுகிற கைக்கு அடிக்கண்ணாடியின் கனம் தெரிந்துவிடும். ஒரு நாள் அவள் ஒரு பாட்டிலைத் தூக்கி இருசப்பனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். பொன்னி அதைத் தொட்டிக்குள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். அவன் கையில் சுற்றும் துண்டையும் அது எதற்கு என்பதையும் அவள் ஏழு வருடமாகப் பார்த்திருந்தாள்.

காலி வராமலே நிறை கிடைக்கிற கடை ஊரில் ஒன்று இருக்கிறது என்ற செய்தி, அதைத் தேடுகிறவர்களிடம் போய்ச் சேர வெகு நாள் ஆகவில்லை.

1981 கார்த்திகை. பஸ் ஸ்டாண்டு வாசலில் புதிதாக வந்த ஆட்டோக்காரர்களுக்கும் ஜட்காக்காரர்களுக்கும் இடத் தகராறு. தீபத்துக்கு நான்கு நாள் முன்பு, வெளியூர்க் கூட்டம் இறங்க ஆரம்பித்த மத்தியான வேளையில், ஆட்டோக்காரர்களில் ஐந்து பேர் வேணுவிடம் வந்து ஐந்து பெட்டி சோடா கேட்டார்கள். இரண்டு பங்கு விலை தருவதாகச் சொன்னார்கள். தராவிட்டால் கடை இருக்காது என்றும் சொன்னார்கள். வேணு கொடுத்தான்.

சண்டை இருபது நிமிடம். குலுக்கிய பாட்டில்கள் வெயிலில் பளபளத்துப் பறந்தன. ஜட்காக் குதிரை ஒன்று வயிறு கிழிந்து, வண்டியோடு கூட்டத்துக்குள் பாய்ந்து, முறுக்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கால்மேல் விழுந்தது. கும்பகோணத்திலிருந்து வந்த யாத்ரீகர் ஒருவர் மகளைக் குனிந்து மறைத்துக்கொண்டு முதுகில் வாங்கினார். ஆதிமூலம் தன் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, "அடிக்காதீங்கடா, வாயில்லா ஜீவன்டா" என்று கத்திக்கொண்டிருந்தான். முகத்துக்கு நேராக ஒரு பாட்டில் வெடித்தது. வலது கண் அங்கேயே போய்விட்டது.

ரோட்டில் கிடந்த கழுத்துத் துண்டுகளில் எல்லாம் சிவப்பு வளையம்.

இருசப்பன் அன்றைக்குப் போளூர் பக்கம் சரக்கு இறக்கப் போயிருந்தான். போலீஸ்காரர்கள் லைசென்ஸில் இருந்த பெயரைத் தேடி வந்தார்கள். சாந்த் பாஷாவை முகமூடியோடே ஜீப்பில் ஏற்றினார்கள். மூன்று நாள். "யாருக்குடா குடுத்த?" என்பது கேள்வி. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. தெரியாது என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் பாதத்தில் பிரம்பு இறங்கியது. மூன்றாம் நாள் அவரைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் கொண்டுவந்து சந்தில் இறக்கியபோது, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக் குதிகால் படாமல் நடந்து வந்தார்.

வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கொட்டகைக்குள் போய், காலிப் பெட்டிகளை இறக்கி, ஒவ்வொரு பாட்டிலாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். இருசப்பன் வாசலிலேயே நின்றான். இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஓரமாக ஒதுக்கிய பாட்டில்கள் ஒரு கட்டில் அகலத்துக்கு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன.

"இது எதுவும் நம்மளது இல்ல" என்றார்.

இருசப்பன் வாசலைத் தாண்டி உள்ளே வந்தான்.

"பெயின்ட் மட்டும் நம்மளது." ஒரு பாட்டிலை நகத்தால் சுரண்டினார். "நீ உக்காந்து பெயின்ட் பூசற அளவுக்கு ஊர்ல ஒரு கடைதான் இருக்குது. பேரச் சொல்லட்டுமா?"

"பாய், அவன் என் தங்கச்சி புருசன்."

"அருணகிரியும் எவன் தங்கச்சிக்கோ புருசன்தான?"

"பணத்துக்கு ஆசைப்பட்டுப் பண்ணல. பயந்துக்கினு குடுத்துட்டான்."

"நானும்தான் பயந்தேன், ஸ்டேஷன்ல. உன் பேரச் சொல்லிடுவேனோன்னு பயந்தேன்." சாந்த் பாஷா தரையில் உட்கார்ந்து பாதங்களை நீட்டினார். தோல் கறுத்து, வெடித்து, நீர் வடிந்துகொண்டிருந்தது. "ஊரே பாத்துக்கினு இருக்குது இருசப்பா. மாப்ளைக்கு ஒரு ரூல், மத்தவனுக்கு ஒரு ரூலுன்னு ஆச்சின்னா நாளைக்கு ஒரு பாட்டில் திரும்பாது. உன்னால ஆவாதுன்னா சொல்லிடு. மெஷினக் கழட்டி ஆரணிக்கு ஏத்திடறேன். உன் பாட்டில வெச்சிக்கினு நீ இன்னா பண்ணுவ? பூ சொருகுவியா?"

ஒன்பது வருடம். முக்கால் ஏக்கர். இருசப்பன் கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தொட்டியில் நனைத்தான்.

போளூர் ரோட்டில் மத்தியானக் கூட்டம். கடையில் வேணு பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தான். கஸ்தூரி எட்டு மாதக் குழந்தை சரசுவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாண்ணா. இப்பத்தான் இவருகிட்ட சொல்லிக்கினு இருந்தேன். தை மாசம் காது குத்திடலாம்னு. உன் மடிலதான் உக்காரணும், லீவு கீவு இல்லன்னு சொல்லிடாத." அப்புறம்தான் அவன் கையில் சுற்றியிருந்த ஈரத் துண்டைப் பார்த்தாள். அவளுக்கு அது எதற்கு என்று தெரியும். எல்லாக் கடைக்காரன் பெண்டாட்டிக்கும் தெரியும்.

"அண்ணா, வேணாம். நான் சொல்றேன் கேளு."

"கொழந்தையத் தூக்கிக்கினு உள்ள போ."

"மச்சான், நான் வேணும்னு பண்ணல" என்றான் வேணு. ஓடவில்லை. ஓடியிருந்தால் இருசப்பன் துரத்தியிருப்பானா என்று யாருக்கும் தெரியாது. "அஞ்சி பேரு மச்சான். கத்தி வெச்சிருந்தானுங்க."

"நூத்தி இருவது பாட்டில்" என்றான் இருசப்பன். எல்லோரிடமும் சொல்வதுபோலத்தான் சொன்னான். மணிக்கட்டைப் பிடித்துப் பலகையில் அழுத்தினான். பாட்டிலைக் குலுக்கினான். கஸ்தூரி அவன் முதுகுச் சட்டையைப் பிடித்து இழுத்தாள், சட்டை கிழிந்தது. எடைக்கல் இறங்கியது.

இந்த முறை பாட்டில் நீளவாக்கில் பிளந்து, உடைந்த விளிம்பு சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் அடியில் கத்திபோல் உள்ளே போனது. நரம்பு அறுந்த இரண்டு விரல்களும் அந்த நொடியே தளர்ந்து தொங்கின. வேணு அலறவில்லை. விரல்களை மடக்கப் பார்த்தான். முடியவில்லை. மறுபடியும் பார்த்தான்.

கஸ்தூரி குழந்தையைத் தரையில் உட்கார வைத்தாள். எடைக்கல்லை எடுத்தாள். மூன்றடி தூரத்திலிருந்து அண்ணன் முகத்தைப் பார்த்து வீசினாள். இடது புருவத்தின்மேல் பட்டுப் பிளந்தது. இருசப்பன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை.

"செத்துட்டன்னு நெனைச்சிக்கறேன். போ."

ரத்தம் கண்ணில் வழிய, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கொட்டகைக்கு வந்தான்.

"ஆச்சா?" என்றார் சாந்த் பாஷா.

"ஆச்சி பாய்."

அவர் எழுந்து, முகமூடியை மாட்டி, நொண்டிக்கொண்டு மெஷினுக்குப் போனார். பொன்னியைப் பார்த்து, "அண்ணனுக்குத் தண்ணி குடும்மா" என்றார்.

பொன்னி நகரவில்லை. புருசன் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் மூன்று நாள் வராமல் இருந்து அன்று காலையில்தான் வேலைக்கு வந்திருந்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"எதுக்குண்ணா அடிச்ச?"

"இன்னா கேக்கற?"

"பாட்டிலுக்கா, கண்ணுக்கா?"

மெஷின் சுற்றவில்லை. சாந்த் பாஷா சக்கரத்தில் கையை வைத்தபடி நின்றார்.

"நீ அவன்கிட்ட இன்னா சொல்லி அடிச்ச, அதச் சொல்லு" என்றாள் பொன்னி. "என் ஊட்டுக்காரு பேர ஒரு வாட்டியாவது சொன்னியா? பாய், நீங்களாச்சும் சொன்னீங்களா? எத்தினி பாட்டில் போச்சின்னு எண்ணுனீங்களே ரெண்டு மணி நேரம். நானும் ரெண்டு வருசமா அந்தக் கள்ளப் பாட்டிலக் கழுவுனேன், வாயத் தொறக்கல. தொறந்திருந்தா அந்தாளுக்குக் கண்ணு இருந்திருக்கும். நான் இன்னா பண்ணணும் இப்ப? என் கையையும் அந்தப் பலகைல வெச்சிடட்டுமா?"

 அவள் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, சந்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

 இருசப்பன் மூலையில் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்தான். சாந்த் பாஷா மெஷினுக்கு முன்னால் வந்து இரண்டு கைகளையும் விரித்தார். இருசப்பன் அந்தப் பக்கம் போகவில்லை. பெட்டிகள் அடுக்கியிருந்த சுவருக்குப் போனான். முதல் பெட்டியைக் கீழே இழுத்தான்.

நிறைந்த பாட்டில்கள் குண்டுபோல் வெடித்தன. காலிப் பாட்டில்கள் நொறுங்கின. கொட்டகை ஓடு அதிர்ந்தது. சந்துக்காரர்கள் கூட்டமாக வாசலில் வந்து நின்று, கண்ணாடி பறக்கவும் பின்வாங்கினார்கள். இருசப்பனின் முழங்காலில், கழுத்தில், உதட்டில் துண்டுகள் ஏறின. அவன் நிறுத்தவில்லை. உண்மையான பாட்டில், பெயின்ட் பூசிய பாட்டில் என்று பிரிக்கவும் இல்லை.

"இருசப்பா" என்றார் சாந்த் பாஷா ஒரே ஒரு முறை, முகமூடிக்குள்ளிருந்து. "மெஷின் மேல படாம ஒடை."

"படாது பாய்."

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. யாரோ சொல்லி இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். யாருடைய பாட்டில் என்று கேட்டார்கள். அவனுடையது என்றார் சாந்த் பாஷா. சொந்தப் பொருளை உடைத்தவன் மேல் என்ன கேஸ் எழுதுவது என்று தெரியாமல், கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசிப் பெட்டி முடிந்ததும் இருசப்பன் கடப்பாரையை எடுத்த மூலையிலேயே சாய்த்து வைத்தான். கணுக்கால்வரை கண்ணாடி. அதைக் காலால் விலக்கி வழி பண்ணிக்கொண்டு வெளியே போனான்.

சாந்த் பாஷா கடன் வாங்கி நானூறு புதுப் பாட்டில் இறக்கி, தெருவைப் பார்க்க வேறு ஆள் வைத்தார். ஆள் நல்லவன். அதனால் பாட்டில் திரும்பவில்லை. அருணகிரி ஒரு தடவை முப்பது காலி வைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லியே" என்று சிரித்துக்கொண்டே சொல்லியனுப்பினார். 1983இல் மெஷின் ஆரணிக்கே போயிற்று. சாந்த் பாஷா மறுபடி ஸ்டவ் ரிப்பேருக்கு உட்கார்ந்தார். ஆதிமூலம் ஒற்றைக் கண்ணோடு ஜட்கா ஓட்டினான். வலப்பக்கம் வருகிற பஸ்ஸைப் பார்த்துச் சொல்லப் பொன்னி பக்கத்தில் உட்கார்ந்து போனாள்.

இருசப்பன் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கினான். அவனிடம் யாரும் வம்புக்கு வரவில்லை. கூலித் தகராறில் ஒரு நாள் மேஸ்திரி அவன் கன்னத்தில் அறைந்தபோது மண்டியே மூச்சைப் பிடித்துக்கொண்டது. இருசப்பன் கீழே விழுந்த தலைத்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டு அடுத்த மூட்டைக்குக் குனிந்தான். புருவத் தழும்பு மட்டும் சிவந்திருந்தது என்றார்கள்.

1986 தை மாதம் மண்டி வாசலில் வேணு வந்து நின்றான். இடது கையில் வெற்றிலைத் தட்டு.

"மச்சான்."

இருசப்பன் தோளிலிருந்து மூட்டையை இறக்கினான்.

"பொண்ணுக்கு அஞ்சி வயசு ஆவப் போவுது. இன்னும் காது குத்தல. பள்ளிக்கூடத்துல பசங்க கேலி பண்றானுங்க, ஆம்பளப் பையன்றானுங்க."

"கஸ்தூரி அனுப்பிச்சா?"

"இல்ல. உன்னக் கூப்பிடவே கூடாதுன்னுது. ஒவ்வொரு தைக்கும் ஒங்க பெரியப்பா மகனக் கூப்புடறேன்னு சொல்லிப் பாத்துட்டேன். அதுக்கும் ஒத்துக்கல. வேற யாரு மடிலயும் உக்கார வெக்க மாட்டேன்னு நிக்குது." வேணு தட்டை நீட்டினான். "நானா வந்தேன். வந்தா இன்னா சொல்லுமோ தெரியாது. கல்லு வெச்சிருந்தாலும் வெச்சிருக்கும்."

இருசப்பன் தட்டைப் பார்த்தான். அதைத் தாங்கியிருந்த கையைப் பார்த்தான். மற்றது வேட்டி மடிப்புக்குள் இருந்தது.

வேங்கிக்காலுக்கு அப்பால் அவர்கள் குலதெய்வத்துக்கு ஒரு வேப்பமரமும் மூன்று கற்களும் உண்டு. இருசப்பன் புது வேட்டி கட்டிக்கொண்டு போய் ஓரமாக நின்றான். பொங்கல் பானையருகே இருந்த கஸ்தூரி நிமிர்ந்து பார்த்துவிட்டு, விறகைத் தள்ளி வைத்தாள்.  ஆசாரி கூப்பிட்டார்.

"தாய்மாமன் உக்காருங்க."

சரசுவை அவன் மடியில் உட்கார வைத்தார்கள். அவளுக்கு இந்த ஆளைத் தெரியாது. ஆனால் அப்பாவின் கை எப்படி ஆயிற்று என்று கேட்டபோது யாரோ சொல்லியிருந்தார்கள். முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அலறினாள். காலால் உதைத்தாள். அவன் முன்கையைக் கடித்தாள்.

"பொண்ண ஆட விடாதீங்க" என்றார் ஆசாரி ஊசியைப் பிடித்துக்கொண்டு. "தலையப் புடிங்க, தலைய."

இருசப்பன் தலையைத் தொட்டான். மூட்டை தூக்கும் கை, குழந்தையின் கன்னத்தின்மேல் படாமல் அந்தரத்தில் நின்றது. சரசு திமிறினாள். ஊசி மடலில் சறுக்கிக் கீறியது. ஒரு துளி ரத்தம் அவன் வேட்டியில் விழுந்தது. அவன் இரண்டு கைகளையும் எடுத்துவிட்டான்.

"இன்னா சாமி இது, புடிங்கன்னா உட்டுட்டீங்க? இப்படி இருந்தா கண்ணுலதான் குத்துவேன்."

"என்னால ஆவாது" என்றான் இருசப்பன். "வேற யாராச்சும்..." மடியிலிருந்து குழந்தையை இறக்கப் பார்த்தான்.

கஸ்தூரி பானையை விட்டு எழுந்து வந்தாள். குனிந்து, அவன் வலது கையைப் பிடித்து இழுத்து மகளின் நெற்றிமேல் வைத்தாள். இடது கையை இழுத்து அவளது இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்துப் பிடிக்கும்படி மடக்கினாள். அந்தக் கைகளின்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

"கெட்டியா புடி" என்றாள். நான்கு வருடத்துக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

இருசப்பன் பிடித்தான்.